தோட்டக்காரர் இல்லாத தோட்டம்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெற்கு விளிம்பில் நின்று, ஒரு மைல் ஆழத்துக்கு அடுக்கடுக்காக இறங்கும் பாறைகளைப் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்குபவர்கள் சிறுபான்மையினர். பிரைட் ஏஞ்சல் பாதையில் நாலரை மைல் நடந்து, ஏறத்தாழ மூவாயிரம் அடி இறங்கினால், வறண்ட சரிவின் நடுவே சட்டென்று ஒரு பச்சை தென்படும். ஒரு சிற்றோடை, காட்டன்வுட் மரங்கள், அவற்றின் நிழல். நடைப்பயணிகள் வந்து சேர்வதற்கு முந்தைய அதிகாலையில் அங்கே இலைகளின் சலசலப்பைத் தவிர வேறு ஓசை இல்லை.

2022 வரை வரைபடங்களில் அந்த இடத்தின் பெயர் 'இந்தியன் கார்டன்'. பெயரில் இந்தியர் இருந்தார், தோட்டத்தில் இல்லை. அவர் எங்கே போனார் என்று கேட்கத் தோன்றாமல் பல தலைமுறைப் பயணிகள் அங்கே அமர்ந்து இளைப்பாறியிருக்கிறார்கள். இயற்கையைப் பற்றிய எழுத்துகளில் 'மனிதக் கால் படாத' என்றொரு சொற்றொடர் அடிக்கடி வரும். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தத் தோட்டம் நினைவுக்கு வருகிறது.

ஹவாசுபாய் என்றால் நீலப்பச்சை நீரின் மக்கள் என்று பொருள். அவர்களுடைய ஆண்டு இரண்டு பாதிகளாக இருந்தது. கோடையில் பள்ளத்தாக்கின் அடியில், ஓடைகள் பாயுமிடங்களில் மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிட்டார்கள். அறுவடை முடிந்ததும் மேலே பீடபூமிக்கு ஏறி, மான் வேட்டையாடியும் பின்யன் கொட்டைகள் சேகரித்தும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். இந்த இரட்டை வாழ்வை அமெரிக்க அரசு புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரிந்துகொள்ள அதற்கு அவசியமிருக்கவில்லை. 1882இல் அவர்களுக்கென எல்லை வகுத்தபோது, ஹவாசு பள்ளத்தாக்கின் அடியில் 518 ஏக்கர் மட்டும் அவர்களுடையது என்றானது. பீடபூமி முழுவதும் வெளியே நின்றது. வயல் மிஞ்சியது, குளிர்காலம் பறிபோனது.

மீதி நிலம் ஒவ்வொரு பெயராக மாறிக்கொண்டே வந்தது. 1893இல் வனக் காப்பகம், 1908இல் தியடோர் ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி தேசிய நினைவுச்சின்னம், 1919இல் தேசியப் பூங்கா. ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு கூடியது. மரங்களுக்கும் பாறைகளுக்கும் அதனால் கிடைத்த நன்மையை நான் மறுக்கவில்லை. பிரைட் ஏஞ்சல் பாதையிலேயே ரால்ஃப் கேமரன் என்ற அரசியல்வாதி சுரங்க உரிமைகளைக் காட்டி இடம்பிடித்து, இறங்குகிறவர்களிடம் தலைக்கு ஒரு டாலர் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தார். அவர் பின்னர் அமெரிக்க செனட்டராகவும் ஆனார். அப்படிப்பட்டவர்களிடமிருந்து இடத்தை மீட்கப் பூங்கா தேவைதான். ஆனால் கேமரனை வெளியேற்ற நீதிமன்றமும் நாடாளுமன்றமும் பல ஆண்டுகள் முட்டிமோத வேண்டியிருந்தது. தோட்டக்காரரை வெளியேற்ற அவ்வளவு சிரமம் இருக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் கடைசியாக வாழ்ந்த ஹவாசுபாயின் பெயர் பதிவுகளில் பில்லி பர்ரோ என்று இருக்கிறது. 1928இல் பூங்கா நிர்வாகம் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. அவருடைய சந்ததியினர் டிலூசி என்ற குடும்பப் பெயருடன் இன்றும் வாழ்கிறார்கள்.

அதே 1928இல் பள்ளத்தாக்கின் அடியில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கைபாப் தொங்கு பாலம் கட்டப்பட்டது. பாலத்தின் முதன்மை வடங்கள் ஒவ்வொன்றும் 550 அடி நீளம், ஒரு டன்னுக்கும் அதிக எடை. கழுதைகளின் முதுகில் ஏற்ற முடியாது. வளைந்து நெளியும் பாதையில் வேறெந்த வண்டியும் இறங்காது. 42 ஆண்கள் வரிசையாக நின்று, வடத்தைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். ஒரு வடம் முடிந்ததும் மேலே ஏறி வந்து அடுத்த வடம். அந்த 42 பேரில் பெரும்பாலோர் ஹவாசுபாய்கள். அந்தத் தோட்டத்தில் வாழ அவர்களுக்கு அனுமதியில்லாமல் போன ஆண்டில், பள்ளத்தாக்கைக் கடக்கும் வசதியை மற்றவர்களுக்காகச் சுமந்து சென்றவர்கள் அவர்களே. பூங்காவின் வரலாற்றுக் குறிப்புகள் இவ்விரு செய்திகளையும் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் தனித்தனி இடங்களில்.

அமைதியைக் குறித்து இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிராண்ட் கேன்யனில் அமைதிக்கு ஒரு சட்டமே உண்டு. 1986 ஜூன் 18 அன்று சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் பள்ளத்தாக்கின் மேல் மோதி 25 பேர் இறந்தபின், 1987இல் வான்வழிச் சுற்றுலாவை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 'இயற்கை அமைதி'யை மீட்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதிகாரிகள் பின்னர் அதற்கு அளவுகோலும் வகுத்தார்கள்: பூங்காவின் பாதிப் பரப்பிலாவது, பகற்பொழுதில் முக்கால் பங்கு நேரத்துக்கு விமான ஒலி கேட்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் இடம் எந்திரம் இல்லாததால் அமைதியாக இருக்கிறதா, பேசிக்கொண்டிருந்தவர்கள் அகற்றப்பட்டதால் அமைதியாக இருக்கிறதா என்பதை எந்தக் கருவியும் பிரித்தறியாது.

நிலத்தை மீட்கும் போராட்டத்தை ஹவாசுபாய்கள் விடவில்லை. 1975 ஜனவரியில் அதிபர் ஃபோர்ட் கையெழுத்திட்ட சட்டம் பீடபூமியில் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரை அவர்களிடம் திருப்பியளித்தது. பூங்காவுக்குள்ளும் ஒரு பகுதியில் அவர்களது மரபுவழிப் பயன்பாட்டை ஏற்றது. அதை எதிர்த்தவர்களில் சியரா கிளப்பும் இருந்தது. காடுகளுக்காக வாதாடிய ஓர் அமைப்பு, அக்காட்டில் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு எதிர்த்தரப்பில் நின்றது. பாதுகாப்பு இயக்கங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகிறார்கள்.

1975இன் சட்டத்தில் அந்தத் தோட்டம் அடங்கவில்லை. அது பூங்காவின் வசமே இருக்கிறது. 2022 நவம்பரில், பழங்குடி மன்றத்தின் வேண்டுகோளின்படி, அமெரிக்கப் புவியியல் பெயர்க் குழு ஒருமனதாக அதற்கு 'ஹவாசுபாய் கார்டன்ஸ்' என்று பெயர் மாற்றியது. அவர்கள் தங்கள் மொழியில் அதை 'ஹா கியோ' என்று அழைத்து வந்தார்கள். அந்தப் பெயருக்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவைப்பட்டதில்லை. பாதையின் பலகைகள் மாற்றப்பட்டன. அங்கிருந்து இன்னும் கீழே இறங்கினால் ஆறு. ஆற்றின் மேல் 1928இன் பாலம். கோவேறு கழுதைகள் இப்போதும் அதில்தான் கடக்கின்றன.