அந்தராபவம்

இறப்புக்கும் மறுபிறப்புக்கும் நடுவே உள்ளதாகச் சொல்லப்படும் நிலையைப் பௌத்த நூல்கள் அந்தராபவம் என்கின்றன. திபெத்தியர் அதைப் பார்தோ என்பர். இந்துக்களின் சடங்கு நூல்களில் பிரேத நிலை என்பது ஏறக்குறைய இதே காலத்தைக் குறிக்கும். வினைப்பயனும் மறுபிறப்பும் இரு சமயத்தாருக்கும் உடன்பாடு. ஆன்மா உண்டு, இல்லை என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும். ஆனால் இந்த இடைநிலையைப் பொறுத்தவரை, மிகக் கூர்மையான வாதம் பௌத்தப் பிரிவுகளுக்குள்ளேயே நடந்தது.

தேரவாதம் அதை அடியோடு மறுக்கிறது. இறக்கும் கணத்தின் சித்தம் மறைந்ததும் அடுத்த கணத்திலேயே புதுப் பிறவியின் முதல் சித்தம் எழுகிறது; நடுவில் தங்க இடமில்லை. காமம், உருவம், அருவம் என மூன்று பவங்களையே, அதாவது இருப்பு நிலைகளையே, புத்தர் சொன்னார், இடைநிலை இவற்றுள் எதைச் சேர்ந்தது என்று பாலி அபிதம்ம நூலான கதாவத்து கேட்கிறது. சர்வாஸ்திவாதிகள் என்ற மற்றொரு பௌத்தப் பிரிவினர் இதை ஏற்கவில்லை. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டினரான வசுபந்து தம் அபிதர்மகோசத்தில் அவர்கள் தரப்பை எடுத்துரைக்கிறார்: ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும் நெல் இடைவழியைக் கடக்காமல் போய்ச் சேராது, சித்தத் தொடர்ச்சியும் அப்படித்தான். சூத்திரங்களிலேயே ‘இடையில் பரிநிர்வாணம் அடைபவர்’ என்றொரு வகையினர் பேசப்படுவதும் அவர்களுக்குச் சான்று. அது ஆயுளின் பாதிக்குள் விடுதலை பெறுபவரையே குறிக்கும் என்று தேரவாதிகள் விளக்கம் தந்தனர். ஒரே சொல் இரு தரப்புக்கும் சாட்சியானதால், நூலாதாரத்தை மட்டும் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை.

இடைநிலையில் இருப்பவர் மணத்தை உண்டு வாழ்வதால் கந்தர்வர் எனப்படுகிறார். அந்நிலை ஏழு நாள் நீடிக்கும், ஏழேழு நாற்பத்தொன்பது நாள் நீடிக்கும் என்று பல கருத்துகள் இருந்தன. இவற்றுள் 49 நாள் கணக்கே சீனா, ஜப்பான், திபெத் ஆகிய நாடுகளின் சாவுச் சடங்குகளில் நிலைத்தது. பத்மசம்பவர் அருளியதாகவும், 14ஆம் நூற்றாண்டில் கர்ம லிங்பா வெளிப்படுத்தியதாகவும் மரபு கூறும் பார்தோ தோத்ரோல் என்ற நூல், இறந்தவர் கேட்கும்படி வாசிக்கப்படுவது. எதிரே தோன்றும் சாந்த தேவதைகளும் உக்கிர தேவதைகளும் உன் மனத்தின் வெளிப்பாடுகளே என அது அறிவுறுத்துகிறது. அதை உணர்ந்தவருக்கு அங்கேயே விடுதலை. சாவைக்கூடக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பாகக் கண்ட துணிவு இந்நூலின் பெருமை. சிக்கிமைச் சேர்ந்த லாமா காசி தாவா சம்துப்பின் மொழிபெயர்ப்பில் 1927இல் இது ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இந்து மரபில் சாந்தோக்கிய உபநிடதம் நீண்ட பயணம் ஒன்றைச் சொல்கிறது. வேள்வியும் தானமும் செய்தவர் புகை, இரவு வழியாகப் பிதிர்உலகம் போய்ச் சந்திரனை அடைவர்; வினைப்பயன் தீர்ந்ததும் மழையாய் இறங்கித் தானியத்தில் புகுந்து மீண்டும் பிறப்பர். இதை உத்தாலக ஆருணிக்குக் கற்பித்தவன் பிரவாகண சைவலி என்ற அரசன். அதற்குமுன் இந்த அறிவு அந்தணரிடம் சென்றதில்லை என்றும் அவன் சொல்கிறான். பிற்காலச் சடங்கு நூல்களில் இப்பயணம் வீட்டாரின் கைக்கு வந்தது. பத்து நாள் இடும் பிண்டத்தால் பிரேதத்துக்கு உறுப்பு உறுப்பாக உடல் அமைகிறது. சபிண்டீகரணம் என்ற சடங்கில் அது பிதிர்களோடு சேர்கிறது. ஓராண்டு முடிவில் செய்யவேண்டிய இச்சடங்கு இன்று பெரும்பாலும் 12ஆம் நாளிலேயே முடிகிறது. தமிழகத்தில் பல வீடுகளில் 16ஆம் நாள் கருமாதி. யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி.

அவரவர் வினை அவரவருக்கே என்றால், மகன் வைக்கும் சோறு தந்தையை எப்படிச் சேரும்? இடைநிலையை மறுத்த தேரவாதமும் இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. இலங்கைச் சிங்களர் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் பிக்குகளுக்குத் தானம் கொடுத்து, நீர் வார்த்து, புண்ணியத்தை இறந்தவருக்கு உரித்தாக்குகிறார்கள். பேதவத்து என்ற பாலி நூலைச் சார்ந்த விளக்கம் நுட்பமானது. பிரேதமாகப் பிறந்துள்ள உறவினர் அத்தானத்தைக் கண்டு மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சி அவருடைய சொந்த நல்வினை, அதன் பயனையே அவர் அடைகிறார். இந்து தர்மசாத்திரம் பிண்டமிடுவதைக் கடமையாக்கியது, சொத்தோடும் பிணைத்தது. சீமூதவாகனரின் தாயபாகம் என்ற நூல், பிண்டத்தால் இறந்தவருக்கு நன்மை செய்ய வல்லவரே வாரிசு என்றது. வங்காளத்தில் வாரிசு வரிசையை அந்நெறியே தீர்மானித்துவந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதை மாற்றியது.