சட்டம் போடுவது

அப்பாவின் படத்துக்குச் சட்டம் போடப் போயிருந்தேன். கடைக்காரர் படத்தில் இருப்பவரைப் பார்க்கவே இல்லை. நீளம், அகலம் அளந்தார். தேக்கா, ஃபைபரா என்றார். நான்கு துண்டையும் மூலைக்குச் சாய்வாக அறுத்துப் பொருத்தினார்.

நீதிமன்றத்தில் புழங்கும் சட்டமும் இதே சொல்தான். அகராதியில் மரச்சட்டமும் விதியும் ஒன்றாகவே கிடக்கின்றன. கூடவே மேல்வரிச் சட்டமும்: பிள்ளைகள் பார்த்து எழுத வாத்தியார் எழுதிக் கொடுக்கும் மாதிரி வரி.

திருக்குறளில் இந்தச் சொல் இல்லை. அங்கே முறை உண்டு, கோல் உண்டு. கோலும் மரம்தான். ஆனால் செங்கோல், கொடுங்கோல் என்று பெயரிலேயே தீர்ப்பைச் சுமந்து வரும். (கொடுமை என்றால் முதலில் வளைவு.) மதுரைக்காஞ்சியில் வழக்கு கேட்கும் இடம் அறங்கூறவையம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரோ அறத்தையே ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாக வகுக்கிறார். கடன் தகராறும் தண்டனையும் அவருக்கு அறத்தின் கிளைகள். பிறகு, அவ்விரண்டும் உலகநெறி நிற்க உதவுமே தவிர உயிருக்கு உறுதி தரா என்று ஒதுக்கி, வள்ளுவர் எடுத்துக்கொண்டது ஒழுக்கம் மட்டுமே என்கிறார். ஒரே வீட்டில் குடிவைத்துத் தனி அடுப்பு மூட்டிவிட்டார்!

சட்டம் கோணாமல் இருப்பதே ஓர் அறம்தான் என்று வாதிட்டவர் அமெரிக்கரான லான் ஃபுல்லர். விதி தெளிவாக இருக்க வேண்டும், ஊரறிய அறிவிக்க வேண்டும், நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டு விதி செய்யக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டின் எச். எல். ஏ. ஹார்ட் ஒப்பவில்லை. நஞ்சு வைப்பதற்கும்தான் நேர்த்தி உண்டு, அதை அறம் என்போமா என்கிற தோரணையில் பதில் சொன்னார். நான் ஹார்ட் கட்சி.

காரணம் 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம். அச்சாகி, ஊரறிய வந்த சட்டம்தான். சென்னை மாகாணத்தில் குறிப்பிட்ட சாதிகளில் பிறந்ததற்காகவே மனிதர்களின் கைரேகையைப் பதிந்தது. இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வைத்தது. மூலை நான்கும் கச்சிதம். உள்ளே இருந்த படம்தான் இப்படி. மக்கள் அந்தச் சட்டத்தின் அரசாங்கப் பெயரை விட்டுவிட்டு ரேகைச் சட்டம் என்றார்கள். பெருங்காமநல்லூர் என்ற ஊரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது, 1920 ஏப்ரல் 3இல். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947இல்.