பெல்ட்டை விட்ட விசிறி

ரேடியேட்டர் விசிறிக்கெல்லாம் ஒரு சரித்திரமா என்று சிரிக்காதீர்கள். மே மாத லீவில் குடும்பத்தோடு புனேவிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ ஊருக்குக் கார் ஓட்டிப் போகிறவர் என்றால் உங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

அம்பாஸடரில் ஆரம்பிக்கிறேன். இஞ்சின் நெடுக்குவாட்டில் இருக்கும். அதன் மூக்கில் வாட்டர் பம்ப், அந்தத் தண்டிலேயே விசிறி, சுற்றிவிட ஒரு பெல்ட். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் டிராபிக்கில் நிற்கும்போது இஞ்சின் ஐடிலில் ஓடும், விசிறியும் சோம்பலாகச் சுற்றும். காற்று அதிகம் வேண்டியதோ அப்போதுதான்! நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதும், அங்கே தலைதெறிக்கச் சுற்றி பெட்ரோலைத் தின்னும். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது கேட்கும் சக்தி எட்டு மடங்கு. இதற்காக வந்ததுதான் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய கிளட்ச். சூடானால் பிடிக்கும், ஆறினால் நழுவும்.

1959-ல் இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் மினி காரில் இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். விசிறி இஞ்சினை விட்டு வராததால் ரேடியேட்டரையும் பக்கவாட்டில் வைக்க வேண்டியதாயிற்று. விசிறிக்குத் தனி மோட்டார் கொடுத்தால் அந்தக் கட்டாயமே இல்லை. நம் ஊருக்கு இதைப் பரவலாகக் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. குறுக்கே இஞ்சின், முன்னால் ரேடியேட்டர், சூடு ஏறினால் மட்டும் ஓடும் மின்விசிறி.

சின்ன இஞ்சினுக்குச் சின்ன மோட்டார் சரி. பெரிய இஞ்சினுக்கு? 1990களில் டொயோட்டா கேம்ரி வி6-ல் ஹைட்ராலிக் விசிறி வைத்தார்கள். இஞ்சின் ஓட்டும் பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும், அது விசிறியின் பின்னால் இருக்கும் குட்டி மோட்டாரைச் சுற்றும், எவ்வளவு வேகம் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். 2000களின் தொடக்கத்தில் ஜீப் கிராண்ட் செரோக்கியின் 4.7 லிட்டர் இஞ்சினிலும் இது வந்தது. அங்கே பவர் ஸ்டியரிங் எண்ணெயே விசிறிக்கும்.

புதிதில் பிரமாதம். வயதானால் சீல் கசியும், எண்ணெய் போனால் விசிறியோடு ஸ்டியரிங்கும் கனக்கும். உதிரி பாகம் வாங்கினால் பழைய காரின் விலைக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் பல சொந்தக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு இரண்டு மின்விசிறி மாட்டிக்கொண்டார்கள். சும்மா மாட்டிவிட முடியாது. ஸ்டியரிங்கும் அதே பம்பில் ஓடினால் விசிறிக்குப் போன குழாயை அடைக்கக் கூடாது, எண்ணெய் திரும்பி வர வழி செய்ய வேண்டும். விசிறி ஒன்றுக்கு 30 ஆம்பியர் என்றால், இரண்டுக்கும் 12 வோல்ட்டில் 720 வாட். வீட்டு மிக்ஸி அளவு! ரிலே, ஃபியூஸ், தடித்த வயர், தாங்கக்கூடிய ஆல்டர்நேட்டர் எல்லாம் வேண்டும்.

ஆக, கடைசியில் ஜெயித்தது மின்விசிறி. ஆனால் எனக்கு அதனிடம் ஒரு பயம் உண்டு. பழைய பெல்ட் தளர்ந்தால் கிறீச்சென்று கத்தும், அறுந்தால் சார்ஜ் விளக்கு எரியும். மின்விசிறி சத்தம் போடாமல் சாகும். ஃபியூஸ் போனதோ சுவிட்ச் போனதோ நெடுஞ்சாலையில் தெரியவே தெரியாது, எதிர்க்காற்று காப்பாற்றிவிடும். கண்டாலா மலையேற்ற நெரிசலில் நின்றதும்தான் முள் ஏறும். கவனிக்காமல் ஓட்டினால் அலுமினியம் ஹெட் வளைந்துவிடும், அந்த பில்லில் குடும்பமே ரயிலில் ஊருக்குப் போய்வரலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஏஸியை அணைத்துவிட்டு இஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் விசிறி தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாமல் முள் நடுவைத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வழியில் முள் ஏறினால் ஏஸியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.