ஒரு எழுத்துப் பிழையில் சிக்கிய பாடப்புத்தகம்... டோவர் வழக்கு என்ன?

மனிதன் பரிணாமத்தில் வந்தவனா, கடவுள் படைத்தவனா? அமெரிக்காவில் இந்தச் சண்டை பலமுறை கோர்ட் படி ஏறியிருக்கு.

பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் 2004-ல் ஒரு உத்தரவு போட்டது. டார்வின் கோட்பாடு உறுதியான உண்மை அல்ல, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற விளக்கமும் உண்டு என 9-ம் வகுப்பில் அறிக்கை வாசிக்கணும். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தனர். 11 பெற்றோர் வழக்கு தொடர்ந்தனர்.

இதில் என்ன சிக்கல்? அரசுப் பள்ளிகளில் படைப்புவாதத்தை அறிவியலாகக் கற்பிக்கச் சொன்ன லூசியானா சட்டத்தை 1987-லேயே சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. 'இது மதம் இல்லை, அறிவியல்' என்றது டோவர் வாரியம்.

அங்கதான் மாட்டினாங்க. பரிந்துரைத்த 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்புள்' புத்தகத்தின் பழைய வரைவுகள் கோர்ட்டுக்கு வந்தன. 1987 தீர்ப்புக்குப் பிறகு 'படைப்புவாதிகள்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' எனப் போட்டிருந்தனர். ஓரிடத்தில் பழைய சொல் முழுசா அழியலை. தலையும் வாலும் அப்படியே நிற்க, நடுவில் புதுச் சொல்!

2005 டிசம்பர் 20: 'அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல' என்றார் நீதிபதி ஜான் ஜோன்ஸ். இவர் அதிபர் புஷ் நியமித்தவர். அதற்கு முந்தைய மாதமே வாரியத் தேர்தலில் உத்தரவை ஆதரித்தவர்கள் தோற்றிருந்தனர். புது வாரியம் அப்பீலுக்குப் போகவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் செலவாக சுமார் 10 லட்சம் டாலர் மட்டும் கட்ட வேண்டி வந்தது.