போர்ட் டிரஸ்ட் குமாஸ்தாவும் இரண்டு குருமார்களும்

எங்கள் குருபரப்பள்ளி பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் ஓடும் கம்பெனி பஸ்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கலந்து கேட்கும். வேலை கற்றுக்கொடுப்பவர் ஒரு ஊர், கற்றுக்கொள்பவர் ஒரு ஊர். பாஷை வேறு, சாதி வேறு, சாப்பாடு வேறு. "வேலை செய்யும் இடத்தில் அதெல்லாம் எதுக்கு?" என்று பேசாமல் விடுவதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். உண்மையில் அது மரியாதைதானா?

இதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய உதாரணம் ஒன்று உண்டு. கணிதமேதை ராமானுஜன்! பயப்படாதீர்கள், இந்தப் பதிவில் கணக்கு கிடையாது. பி.காம். படிக்கும் எனக்கு அவரைப் பிடித்ததே அவரும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆள் என்பதால்தான்.

1912 மார்ச் 1 அன்று சென்னை போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர். அவருக்கும் கணிதம் தெரியும். வேலை முடிந்தபின் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் பத்துப் படிகளை இரண்டே தாவலில் கடந்துவிடுவார். எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், இடையில் உள்ளதையும் எழுது என்று நாராயண ஐயர் விடாமல் வற்புறுத்தினார். நல்ல பயிற்சியாளர் செய்யும் வேலை இது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராமானுஜனைக் கைதூக்கிவிட்ட ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர் மூவருமே பிராமணர்கள். அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. அதே திறமையுள்ள வேறு சாதிப் பையன் ஒருவன் அந்தக் கதவுகளைத் தட்டியிருந்தால் திறந்திருக்குமா? இந்தக் கேள்விதான் 1916ல் பிராமணரல்லாதார் அறிக்கையாக வந்தது. 1921ல் நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி அரசாணைக்கும் அதுவே அடிப்படை.

இனி இரண்டாவது குரு. 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறி கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் போனார். ஹார்டி ஆங்கிலேயர், நாத்திகர். ராமானுஜனோ ஆசாரமான வைணவர், சைவச் சாப்பாடு. தன் பழக்கங்களை ஹார்டி அவர்மேல் திணிக்கவில்லை. கணிதத்திலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொன்னால் அந்த ஊற்று வற்றிவிடுமோ என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு நல்லவரிடமும் ஒரு குறை இருந்தது. அவர் கேட்கவே மாட்டார்.

கேட்டவர் வேறொருவர். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். இரவில் குளிர் தாங்குகிறதா என்று ராமானுஜனிடம் விசாரித்தார். ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்குவதாகப் பதில் வந்தது. போய்ப் பார்த்தால், படுக்கை விரிப்புக்கு அடியில் கம்பளிகள் மடித்துச் செருகியபடி அப்படியே இருக்கின்றன! அவற்றை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வியில் தீர்ந்த கஷ்டம் அது.

போர்க்காலம் என்பதால் அவருக்கு ஒத்துக்கொள்ளும் உணவு கிடைப்பதே பாடு. தானே சமைத்துச் சாப்பிட்டார். 1917ல் நோயில் விழுந்தார். 1918ல் ராயல் சொசைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் கௌரவித்தன. 1919ல் ஊர் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானார்.

ஹார்டி கேட்டிருந்தால் உயிர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1936ல் ஹார்வர்டில் பேசியபோது, எந்தப் புத்தகங்களைப் படித்தாய் என்றுகூட ராமானுஜனிடம் கேட்காமல் விட்டதற்கு ஹார்டியே வருத்தப்பட்டார். தினமும் ஐந்தாறு புதுத் தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டுபவரிடம் போய் பழைய கதையைக் கேட்பானேன் என்று இருந்துவிட்டாராம்.

ஒரே தெருக்காரர்களாக இருந்தால் பாதி விஷயம் கேட்காமலே புரிந்துவிடும். வேறு ஆட்களாக இருந்தால் கேட்டே ஆகவேண்டும். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்பதே சாதியைக் கண்டுபிடிக்கத்தான். அதனால் கேள்வி என்றாலே புதிதாக வந்தவர் கூசுகிறார். ஆளை எடைபோடக் கேட்பது வேறு, குளிர் தாங்குகிறதா என்று கேட்பது வேறு. லைனில் நிற்கும் புதுப்பையனுக்கு வேண்டியது இரண்டாவது வகைக் கேள்விதான். அதை முதலில் கேட்கவேண்டியவர் கற்றுக்கொடுப்பவர். ஏனென்றால், அந்த இடத்தில் பயமில்லாமல் பேசக்கூடியவர் அவர்தானே?