பிரான்ஸில் பிசினஸ் ஸ்கூல் படிப்பு: பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பி.காம்., பிபிஏ முடித்த நம் பிள்ளைகளில் சிலர் இப்போது பிரான்ஸ் பக்கம் பார்க்கிறார்கள். ஆங்கிலத்திலேயே படிக்கலாம், படித்து முடித்தபின் தங்கி வேலை தேடலாம் என்று ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் எல்லாப் பள்ளிக்கும், எல்லாப் படிப்புக்கும் பொருந்தும் உண்மை அல்ல. 'பிசினஸ் ஸ்கூல்' என்ற பெயரைப் பிரான்ஸில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அங்கே கொடுக்கப்படும் சான்றிதழ் எந்த வகை என்பதுதான் முக்கியம். வீட்டை விற்று, நகையை விற்று அனுப்பும் பணம் வீணாகாமல் இருக்க, முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

யார் யார் இந்தப் பள்ளிகள்?

பிரான்ஸில் உயர்கல்வி இரண்டு தடங்களில் செல்கிறது. ஒன்று அரசுப் பல்கலைக்கழகங்கள். மற்றொன்று 'கிராண்ட் எகோல்' எனப்படும் தேர்வு வைத்துச் சேர்க்கும் உயர்கல்விப் பள்ளிகள். பெயர் பெற்ற வணிகப் பள்ளிகள் பலவும் இரண்டாவது தடத்தில் வருபவை. 1819இல் பாரிஸில் தொடங்கிய ஈ.எஸ்.சி.பி., உலகின் மிகப் பழைய வணிகப் பள்ளி என்று சொல்லப்படுகிறது. எச்.இ.சி. பாரிஸ் 1881இல் பாரிஸ் வணிகர் சங்கத்தால் தொடங்கப்பட்டது. லியோன் நகரின் எம்லியோன் 1872, லில் நகரின் எட்ஹெக் 1906, எஸ்செக் 1907 என மற்றவையும் பழைமையானவை. 1957இல் தொடங்கிய இன்சியாட், வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான எம்பிஏ பள்ளி. அதன் எம்பிஏ 10 மாதம்தான், கட்டணமோ சுமார் 1 லட்சம் யூரோ.

இவற்றுக்கு வெளியே இன்னொரு வழியும் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் 'ஐ.ஏ.இ.' என்ற பெயரில் நிர்வாகவியல் கல்லூரிகள் நாடெங்கும் இயங்குகின்றன. ஏஜென்ட்கள் இவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சான்றிதழை எப்படிச் சோதிப்பது?

பிரான்ஸில் பட்டம் வழங்கும் உரிமை அரசிடம் இருக்கிறது. தனியார் பள்ளியின் படிப்பை அரசு ஆய்வு செய்து ஏற்றால், அதற்கு 'விசே' என்ற முத்திரை கிடைக்கும். அதற்கும் மேலாக, அந்தப் படிப்புக்கு 'கிராட் த மாஸ்டர்', அதாவது முதுகலை நிலை என்ற தகுதியை அரசு வழங்கலாம். மேலே சொன்ன பழைய பள்ளிகளின் முதன்மையான இரண்டாண்டு மேலாண்மைப் படிப்புகள் இந்தத் தகுதி பெற்றவை.

வேறு பல தனியார் பள்ளிகள் தருவது 'ஆர்.என்.சி.பி.' பட்டியலில் பதிவான தொழில் சான்று மட்டுமே. அது போலிச் சான்று அல்ல. பிரான்ஸில் வேலை தேட உதவும். ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமானது அல்ல. 'ஆர்.என்.சி.பி. 7ஆம் நிலை, முதுகலைக்குச் சமம்' என்று விளம்பரத்தில் இருந்தால், அங்கே நின்று கேள்வி கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'மாஸ்டர்' என்பது அரசு பாதுகாக்கும் சொல். ஆனால் பிரெஞ்சில் அதே உச்சரிப்பில், கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாகச் சேர்த்து எழுதப்படும் 'மாஸ்தேர்' என்ற சொல்லை எந்தப் பள்ளியும் பயன்படுத்தலாம். காதால் கேட்டால் வித்தியாசம் தெரியாது. எழுத்தில் பார்த்தால்தான் தெரியும். இதில் ஒரு விதிவிலக்கு: 'மாஸ்தேர் ஸ்பெசியாலிசே' என்பது கிராண்ட் எகோல் கூட்டமைப்பின் பதிவு பெற்ற முத்திரை, அது மதிப்புள்ளது.

எனவே பள்ளியிடம் மின்னஞ்சலில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்தப் படிப்பு முடிந்ததும் என் பிள்ளைக்குக் கிடைப்பது முதுகலை நிலைத் தகுதியா, அல்லது ஆர்.என்.சி.பி. சான்று மட்டுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். விசே முத்திரை பெற்ற படிப்புகளின் பட்டியலைப் பிரெஞ்சு கல்வி அமைச்சகம் தன் அரசிதழில் வெளியிடுகிறது, அதிலும் சரிபார்க்கலாம்.

ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா என்ற மூன்று சர்வதேச அங்கீகாரங்களையும் பள்ளிகள் பெருமையாகச் சொல்லும். பள்ளியின் தரத்துக்கு அவை நல்ல அடையாளம்தான். ஆனால் அரசின் தகுதிக்கு அவை மாற்று அல்ல.

இது ஏன் இவ்வளவு முக்கியம்?

முதல் காரணம், படித்தபின் தங்கும் உரிமை. முதுகலை நிலைத் தகுதி பெற்றவர்களும், கிராண்ட் எகோல் கூட்டமைப்பின் முத்திரை பெற்ற படிப்பை முடித்தவர்களும் வேலை தேட 12 மாத அனுமதி பெறலாம். இந்தியாவும் பிரான்ஸும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இந்திய மாணவர்கள் அதை இன்னொரு 12 மாதத்துக்கு நீட்டிக்கலாம். ஆர்.என்.சி.பி. சான்று மட்டும் வைத்திருப்பவருக்குப் பொதுவாக இந்த வசதி கிடையாது. "படித்து முடித்ததும் இரண்டு வருடம் இருக்கலாம் என்றார்களே" என்று அப்போது கேட்டுப் பயன் இல்லை.

இரண்டாவது காரணம், ஊர் திரும்பினால் பட்டத்தின் மதிப்பு. கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் 2018இல் கையெழுத்திட்டுள்ளன. அரசு ஏற்ற பட்டங்களுக்கே அந்த ஒப்பந்தம் பயன்படும்.

மொத்தச் செலவு எவ்வளவு?

முன்னணிப் பள்ளிகளில் இரண்டாண்டு மேலாண்மை முதுகலைக் கட்டணம் 50,000 யூரோவையும் தாண்டுகிறது. ஒரு யூரோவை ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்தால், 50 லட்சம் ரூபாய்க்கு மேல். நடுத்தரப் பள்ளிகளில் ஆண்டுக்கு 10,000 முதல் 20,000 யூரோ வரை ஆகும்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கான கட்டணம் முதுகலைக்கு ஆண்டுக்குச் சுமார் 3,900 யூரோ, இளங்கலைக்குச் சுமார் 2,900 யூரோ. சில பல்கலைக்கழகங்கள் இதிலும் சலுகை தருகின்றன. ஐ.ஏ.இ. கல்லூரிகளின் வழக்கமான முதுகலைப் படிப்புகள் இந்தக் கணக்கில்தான் வரும். ஆங்கிலவழியில் நடத்தும் சில தனிப் படிப்புகளுக்குக் கட்டணம் கூடலாம். இதற்கு ஈடாகக் கேட்கப்படுவது பிரெஞ்சு மொழி. பெரும்பாலும் பி2 நிலை வேண்டும். கல்லூரி முதல் ஆண்டிலேயே அலியான்ஸ் பிரான்செஸில் சேர்ந்தால், பட்டம் வாங்கும்போது அந்த நிலையை எட்டிவிடலாம். பல லட்சம் ரூபாயை மிச்சப்படுத்தும் முதலீடு இது. அங்கே பயிற்சிக்கும் வேலைக்கும் பிரெஞ்சு தேவை என்பதால், ஆங்கிலவழியில் படிப்பவர்களும் மொழியைத் தவிர்க்க முடியாது.

வாழ்க்கைச் செலவு தனி. விசாவுக்கு மாதம் 615 யூரோ வீதம் பணம் காட்டச் சொல்வது நெடுநாள் வழக்கம். உண்மையில் பாரிஸில் மாதம் 1,000 யூரோவுக்கு மேலும், மற்ற நகரங்களில் 700 முதல் 900 யூரோ வரையும் ஆகும். வீட்டு வாடகைக்கு அரசு உதவி கிடைக்கும் என்பார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அதை வரவில் எழுதாமல் கணக்குப் போடுவதே நல்லது. வாடகை வீட்டுக்கு ஜாமீன் கேட்பார்கள்; அதற்கு 'விசால்' என்ற இலவச ஏற்பாடு மாணவர்களுக்கு உண்டு. மருத்துவக் காப்பீட்டில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை.

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். கைச்செலவுக்கு அது உதவும். கல்விக் கட்டணத்துக்குப் போதாது. "பார்ட் டைம் செய்து ஃபீஸ் கட்டிக்கொள்வான்" என்ற நம்பிக்கையில் அனுப்பாதீர்கள்.

வட்டி இல்லாமல் முடியுமா?

கல்விக் கடன் என்றாலே வட்டி என்பதால் பல குடும்பங்கள் தயங்குகின்றன. மார்க்கச் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்கும் வழிகள் இவை:

- பள்ளியின் உதவித்தொகை. பல பள்ளிகள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கின்றன. முதல் சுற்றிலேயே விண்ணப்பித்தால் வாய்ப்பு அதிகம்.
- ஐஃபில் உதவித்தொகை. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் தருவது. மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும். மாதப் பணம் தருவார்கள், கல்விக் கட்டணம் இதில் அடங்காது.
- சார்பாக் உதவித்தொகை. இந்திய மாணவர்களுக்காகவே பிரெஞ்சுத் தூதரகம் வழங்குவது.
- தவணை. கட்டணத்தைப் பிரித்துக் கட்ட அனுமதி உண்டா என்று பள்ளியிடம் கேளுங்கள்.
- அழகிய கடன். உறவினரிடமோ ஜமாஅத்திலோ வட்டியில்லாக் கடன் வாங்கினால், தொகையையும் திருப்பும் காலத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹிஜாப், தொழுகை, உணவு

மகளை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது ஹிஜாப் பற்றித்தான். 2004ஆம் ஆண்டுச் சட்டம் தலைத்துணியைத் தடை செய்வது அரசுப் பள்ளிகளில், அதாவது மேல்நிலை வரை. பல்கலைக்கழக மாணவிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. முகத்தை மூடுவது மட்டும் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடம் எங்கும் தடை. தனியார் பள்ளிகளுக்குத் தனி விதிமுறை இருக்கலாம். சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

சிக்கல் வருவது பயிற்சிக் காலத்தில். வணிகப் படிப்பில் சில மாதம் நிறுவனத்தில் பயிற்சி பெறுவது பெரும்பாலும் கட்டாயம். தனியார் நிறுவனங்கள் தம் உள்விதிகளில் மத நடுநிலை என்ற நிபந்தனையை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. எல்லா நிறுவனமும் அப்படி வைப்பதில்லை. ஆனால் அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று மகளுடன் முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது அவசியம். குடியிருப்பு அட்டைக்கான புகைப்படத்திலும் தலையை மறைக்க அனுமதி இல்லை.

கல்லூரிகளில் தொழுகை அறை பொதுவாக இருக்காது. டிசம்பரில் பாரிஸில் சூரியன் மாலை 5 மணிக்கு முன்பே மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரத்தில் வரும். ஜூனிலோ மஃரிப் இரவு 10 மணியை நெருங்கும். கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் இந்தச் சிரமம் பாதி குறையும். பாரிஸ் பெரிய பள்ளிவாசல் 1926 முதலும் லியோன் பெரிய பள்ளிவாசல் 1994 முதலும் இயங்குகின்றன. மற்ற பெரிய நகரங்களிலும் பள்ளிவாசல்கள் உண்டு.

மாணவர் உணவகங்களில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க வேண்டாம். மீனும் சைவ உணவும் கிடைக்கும். நகரங்களில் ஹலால் கடைகள் நிறைய உள்ளன. பாரிஸ், லியோன், எவ்ரி ஆகிய மூன்று பள்ளிவாசல்களுக்கு அறுப்பவர்களை நியமிக்க அரசு அனுமதி தந்திருக்கிறது. பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சமையல் தெரிந்த பிள்ளைக்குச் செலவும் குறையும், மனமும் தெம்பாக இருக்கும்.

ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் அமைப்புகள் நடத்தும் அறிமுக விருந்துகளில் மது சாதாரணம். அவற்றுக்குப் போவது கட்டாயம் அல்ல. ராகிங் 1998 முதல் பிரான்ஸில் தண்டனைக்குரிய குற்றம்.

எப்போது தொடங்குவது?

வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். ஓராண்டுக்கு முன்பே ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் எழுத வேண்டும். பெரிய பள்ளிகளுக்கு ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண்ணும் வேண்டும். பள்ளியில் இடம் கிடைத்தபின் 'எத்யூத் ஆன் பிரான்ஸ்' இணையத்தளத்தில் பதிவு செய்து, கேம்பஸ் பிரான்ஸ் நேர்காணலுக்குப் போக வேண்டும். அதன்பிறகே விசா. பிரான்ஸ் சென்ற 3 மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் தங்குவதே சட்டவிரோதமாகிவிடும்.

காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: பிரான்ஸில் இருக்கும் உறவினர் தன் வீட்டில் தங்க இடம் தருவதாக எழுதித் தரும் கடிதத்தை விசாவுக்குத் தங்குமிடச் சான்றாகக் காட்டலாம். பிள்ளைக்குப் பிரெஞ்சு குடியுரிமை இருந்தால் விசாவும் தேவையில்லை, வெளிநாட்டவர் கட்டணமும் இல்லை.

பள்ளிகளிடம் கமிஷன் பெறும் ஏஜென்ட், கமிஷன் தரும் பள்ளியைத்தான் காட்டுவார். கேம்பஸ் பிரான்ஸ் அலுவலகம் சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ளது. பிள்ளையை அழைத்துக்கொண்டு நேரில் போய், பள்ளியின் பெயரையும் படிப்பின் பெயரையும் எழுதிக்கொடுத்து, சான்றிதழ் எந்த வகை என்று கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.