தீர்ப்புக்குக் காத்திராத இழப்பீடு: ஒரு சட்டப்பிரிவு பிறந்த கதை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் வித்துராவைத் தாண்டித்தான் ஏற வேண்டும். மலையடிவார ஊர். அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐசர் கல்வி நிறுவனத்தின் வளாகம் இருக்கும் ஊர் என்று தெரியும். ஆனால் கேரளத்தில் நடுவயதைத் தாண்டிய யாரிடமாவது ‘வித்துரா’ என்று சொல்லிப்பாருங்கள். முதலில் நினைவுக்கு வருவது ஒரு வழக்குதான்.

பாலியல் வல்லுறவுக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983-லேயே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பெண்ணின் பெயரை எழுத முடியாத பத்திரிகைகள் ஊரின் பெயரை எழுதின. அப்படித்தான் சூர்யநெல்லி ஒரு வழக்காயிற்று, வித்துரா இன்னொரு வழக்காயிற்று.

1995-ன் பிற்பகுதியில், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏழை வீட்டுச் சிறுமி ஒருத்தியை அழைத்துப்போனார்கள். மாதக்கணக்கில் ஊர் ஊராகக் கொண்டுசென்று பலருக்கு அவளை இரையாக்கினார்கள். 1996-ல் விஷயம் வெளியே வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. விசாரணை கோட்டயம் தனி நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு வழக்கிலும் அந்தப் பெண் மறுபடி கூண்டேறி அதையே சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களை அடையாளம் காட்டவில்லை என்ற காரணத்தால் பலர் விடுதலையானார்கள். மறுபடி மறுபடி தலைமறைவான முதல் எதிரிக்கு 2021-ல்தான் 24 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அபராதம் 1.09 லட்சம் ரூபாய்.

சிறுமியாகப் போனவர் நடுவயதுக்கு வந்துவிட்டார். இந்த 25 வருடமும் அவருக்கு மருத்துவர் வேண்டும், பாதுகாப்பான கூரை வேண்டும், நின்றுபோன படிப்புக்கு ஒரு வழி வேண்டும், கோட்டயத்துக்கு வாய்தாவுக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் வேண்டும். இதற்கெல்லாம் பணம் யார் தருவது? 1996-ல் இருந்த சட்டத்தில் இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் இல்லை. பதில் எழுதப்பட்ட கதைதான் இது.

அபராதத்தில் ஒரு பங்கு

பிரிட்டிஷார் காலத்து 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. நீதிமன்றம் குற்றவாளிக்கு அபராதம் விதித்தால், அதிலிருந்து ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம். 1973-ல் வந்த புதிய சட்டம் இதை 357-ஆம் பிரிவாக வைத்துக்கொண்டது. அபராதம் விதிக்காத வழக்கிலும் குற்றவாளியே தனியாக இழப்பீடு தர ஆணையிடலாம் என்று ஒரு படி கூட்டியது.

காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். குற்றவாளி பிடிபட வேண்டும், குற்றம் நிரூபணமாக வேண்டும், அவனிடம் காசு இருக்க வேண்டும். அவன் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டால் அது முடியும்வரை அபராதப் பங்கு கைக்கு வராது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை.

இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியவர்களில் முக்கியமானவர் கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1979-ல் ஒரு லாரி விபத்து வழக்கின் தீர்ப்பில், நமது குற்றவியல் சட்டம் பாதிக்கப்பட்டவரைக் கண்டுகொள்வதே இல்லை, சட்டமன்றம்தான் இந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று வருத்தத்தோடு எழுதிவைத்தார்.

442 வருடத் தவணை

உலகத்தில் இந்தக் கேள்வியைத் தெருவுக்கு இழுத்துவந்தவர் இங்கிலாந்தின் சிறைச் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃப்ரை. 1951-ல் அங்கே ஒருவரைத் தாக்கிக் கண்பார்வை போகச் செய்துவிட்டார்கள். நீதிமன்றம் விதித்த இழப்பீடு 11,500 பவுண்டு. தாக்கிய இருவரும் வாரம் ஆளுக்கு ஐந்து ஷில்லிங் கட்ட வேண்டும் என்று உத்தரவு. ஃப்ரை கணக்குப் போட்டார்: கடைசித் தவணையை வாங்க அந்தக் குருடர் இன்னும் 442 வருடம் உயிரோடு இருக்க வேண்டும்!

ஃப்ரையின் வாதம் எளிமையானது. குடிமக்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது, பழிவாங்கக் கூடாது, பாதுகாப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறது அரசு. அந்தப் பொறுப்பில் தவறினால் நட்டத்தையும் அரசுதானே ஏற்க வேண்டும்? 1958-ல் அவர் இறந்துபோனார். 1963-ல் நியூசிலாந்து முதன்முதலாக இதற்குச் சட்டம் இயற்றியது, அடுத்த ஆண்டு பிரிட்டன் திட்டம் கொண்டுவந்தது. 1985-ல் ஐ.நா. பொதுச்சபை, குற்றவாளியிடமிருந்து முழுமையாகக் கிடைக்காதபோது அரசு இழப்பீடு தர முயல வேண்டும் என்று பிரகடனம் செய்தது.

முரி எக்ஸ்பிரஸ்

இந்தியாவில் இந்தக் கருத்து வந்து சேர்ந்தது ரயிலில்தான். 1993 பிப்ரவரி 10. ராஞ்சியிலிருந்து டெல்லிக்குப் போகும் முரி எக்ஸ்பிரஸில், வீட்டுவேலை செய்து பிழைக்கும் பழங்குடிப் பெண்கள் பயணம் செய்தார்கள். அதே ரயிலில் வந்த ராணுவத்தினர் சிலர் அவர்களைச் சீரழித்தார்கள். டெல்லி வீட்டுப் பணிப்பெண்கள் மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1994 அக்டோபர் 19-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் தமிழகத்திலிருந்து சென்ற நீதிபதி எஸ். மோகன். காவல் நிலையத்திலேயே பெண்ணுக்கு வழக்கறிஞர் உதவி, பெயர் வெளிவராத பாதுகாப்பு என்று பலவற்றை அந்தத் தீர்ப்பு பட்டியலிட்டது. அதில் ஒரு வரிதான் நம் கதையின் பிறப்பிடம். குற்றம் நிரூபணமானால் நீதிமன்றம் இழப்பீடு தரும். நிரூபணமானாலும் ஆகாவிட்டாலும் இதற்கென அமைக்கப்படும் வாரியம் இழப்பீடு தரும். வலி, அதிர்ச்சி, வேலைக்குப் போக முடியாத இழப்பு, கரு உண்டாகிவிட்டால் பேறுகாலச் செலவு, எல்லாவற்றையும் வாரியம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு தேசிய மகளிர் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

வித்துராச் சிறுமி வீட்டைவிட்டு அழைத்துச் செல்லப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே எழுதப்பட்ட வார்த்தைகள் இவை. தீர்ப்பு இருந்தது, வாரியம் வரவில்லை.

நீதிமன்றங்கள் தனித்தனி வழக்குகளில் கதவைத் திறந்துவிட்டன. திருமண ஆசைகாட்டி மாணவியை ஏமாற்றிய கல்லூரி விரிவுரையாளர் ஒருவரின் வழக்கில், விசாரணை முடியும் முன்பே மாதம் 1,000 ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்கத்தா ஹவுரா ரயில் நிலையத்தில் ரயில்வே ஊழியர்கள் உள்ளிட்டோரால் வல்லுறவுக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு 10 லட்சம் ரூபாய் என்ற தீர்ப்பை 2000-ல் அது உறுதிசெய்தது. இந்தியக் குடிமகளாக இல்லாவிட்டாலும் உயிர்வாழும் உரிமை அவருக்கும் உண்டு என்றது. ஆனால் வழக்கறிஞர் பிடித்து டெல்லிவரை போக முடிந்தவர்களுக்குத்தான் இந்தக் கதவு. மலையடிவாரத்துக் கூலிவீட்டுப் பெண்ணுக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

357ஏ

1996-ல் சட்ட ஆணையத்தின் 154-ஆவது அறிக்கையும் 2003-ல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழுவும் பாதிக்கப்பட்டோருக்கு அரசு நிதி வேண்டும் என்றன. கடைசியில் 357ஏ என்ற புதிய பிரிவு நடைமுறைக்கு வந்த நாள் 2009 டிசம்பர் 31. மோகன் தீர்ப்பிலிருந்து பதினைந்து வருடம்.

ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டமும் நிதியும் உருவாக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதன் உயிர் இரண்டு உட்பிரிவுகளில் இருக்கிறது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யார் என்றே தெரியாமல் விசாரணை நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் நேரடியாக, இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து நடப்பிலிருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தில் இதுவே 396-ஆவது பிரிவு.

கேரளம் 2014 பிப்ரவரியில் தன் திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில், அரியானா வழக்கு ஒன்றில் மாநிலத்துக்கு மாநிலம் தொகை ஏறுக்குமாறாக இருப்பதைப் பார்த்த உச்ச நீதிமன்றம், கேரளத்தைவிட அதிகம் தராத மாநிலங்கள் அதன் அளவையே பின்பற்றட்டும் என்றது. தமிழ்நாட்டின் திட்டம் 2013-லேயே வந்திருந்தது. மத்திய அரசு, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 200 கோடி ரூபாயை ஒதுக்கித் தனி நிதியம் அமைத்தது. 2016-ல், வல்லுறவுக்கு ஆளான பார்வையற்ற பெண் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் மாதம் 8,000 ரூபாய் தர உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், நாடு முழுவதற்கும் ஒரே மாதிரித் திட்டம் தேவை என்று சொன்னது.

அந்தத் திட்டம் 2018-ல் வந்தது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தயாரித்து, உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வல்லுறவுக்குக் குறைந்தது 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம். அதனால் கருவுற்றால் 3 முதல் 4 லட்சம். பாதிக்கப்பட்டவர் சிறுமியாக இருந்தால் இதற்கு மேல் பாதி கூடுதல். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளுக்கும் இதையே வழிகாட்டியாகக் கொள்ளும்படி நீதிமன்றம் சொன்னது.

பழைய கணக்குகள்

2009-க்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் என்ன செய்வது? 2020 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. குற்றவாளி அடையாளம் தெரியாத வழக்குகளில், குற்றம் சட்டம் வருவதற்கு முன் நடந்திருந்தாலும் இந்தப் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம் என்று நீதிபதி பெச்சு குரியன் தாமஸ் தீர்ப்பளித்தார்.

நம் பக்கத்திலும் ஒரு பழைய கணக்கு உண்டு. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து சூறையாடிய மலைவாழ் மக்களின் கிராமம். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011-ல் தண்டனை, மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29-ல். ஆளுக்கு 10 லட்சம் ரூபாயை அரசு தர வேண்டும், அதில் பாதியைத் தண்டிக்கப்பட்டவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். 31 வருடம் கழித்து. தீர்ப்பு வரட்டும் என்று இழப்பீட்டைத் தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வாச்சாத்தியைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கே, எப்படி?

இன்று வித்துராவில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் அவர் போக வேண்டிய இடம் திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. தமிழ்நாட்டிலும் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் கிடையாது. பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை இருந்தால் அது, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு படிவத்தைக் கொடுத்தால் போதும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும். அதுமட்டுமல்ல, இத்தகைய குற்றங்களின் எஃப்.ஐ.ஆரைக் காவல் நிலையமே ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2018 திட்டம். மனு வராவிட்டாலும் ஆணைக்குழு தானாகவே இடைக்கால உதவி தரலாம். விண்ணப்பிக்க, குற்றம் நடந்த நாளிலிருந்தோ விசாரணை முடிந்த நாளிலிருந்தோ மூன்று வருட அவகாசம் உண்டு. கிடைக்கும் தொகையில் கால் பங்கு உடனடிச் செலவுக்கு, மீதி வைப்புத்தொகையாக வங்கியில் இருக்கும். முதல் சிகிச்சையை அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் காசு வாங்காமல் செய்ய வேண்டும். மறுத்தால் அது குற்றம்.

இவ்வளவு இருந்தும் பலர் கேட்கத் தயங்குவது ஒரு பேச்சுக்குப் பயந்துதான்: “காசுக்காகத்தான் புகார் கொடுத்தாள்.” குறுக்கு விசாரணையிலும் இதையே கேட்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்து நடத்தி, புகாரை வாபஸ் வாங்க எதிரி வீட்டார் நீட்டும் பணமும் இழப்பீடும் ஒன்றென்று நினைப்பதால் வரும் பேச்சு அது. எதிரி தருவது வாயை அடைக்க. சட்டம் தருவது, காப்பேன் என்று சொல்லிக் காக்கத் தவறிய அரசு தீர்க்க வேண்டிய கடன். அதை வாங்கினால் வழக்கு ஒரு துளியும் பலவீனமாகாது.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், “கேஸ் முடியட்டும், பார்க்கலாம்” என்று சொல்லாதீர்கள். 15100 என்ற எண்ணைக் கொடுங்கள். முடிந்தால் ஆணைக்குழு அலுவலகம்வரை கூடவே போங்கள்.